கவரிங் காசு

"அசல் காசு வாங்க நமக்கு ஏது வசதி? நகலாவது வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே."

தங்க முலாம் பூசிய பழைய நினைவு நாணய நகல்களை வாங்கி அடுக்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்தப் பதில்தான். கேட்கும்போது நியாயமாகவும் படும். அசல் பணக்காரனுக்கு, நகல் நமக்கு. அரண்மனைக் கஜானாவில் இருந்த வரலாறு இன்றைக்கு நம் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கும் வந்துவிட்டது, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? விற்கிறவர்கள் இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை, அது அவர்கள் பிழைப்பு. விஷயம் தெரிந்த காசு சேகரிப்பாளர்கள்கூட "ஆசைக்கு வாங்குகிறார்கள், விடுங்கள்" என்று தலையாட்டிவிட்டுப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வாதத்தில் கணக்கும் தப்பு, உலோகமும் தப்பு.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கருநீல வெல்வெட் பெட்டி. அதற்குள் வட்டமான பிளாஸ்டிக் கூடு. கூட்டுக்குள் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஒரு வட்டு. கூடவே வரிசை எண் அச்சடித்த கெட்டித்தாள் சான்றிதழ். சான்றிதழில் பெரிய எழுத்தில் '24 காரட்' என்று இருக்கும். வாங்குகிறவர் கண் அந்த எண்ணில்தான் போய் நிற்கும், நிற்கவேண்டும் என்றுதான் அச்சடிக்கிறார்கள். 24 காரட் என்பது மேலே பூசிய தோலின் தரம். உள்ளே இருப்பது பித்தளையா, செம்பா, துத்தநாகக் கலவையா என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்தத் தோலில் எவ்வளவு தங்கம்? கணக்கு கடினமில்லை. 40 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு வட்டுக்கு இரண்டு முகமும் விளிம்பும் சேர்த்து ஏறக்குறைய 29 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அலங்காரத்துக்கு மின்முலாம் போடும்போது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தங்கம் ஏறினாலே முழுப் பளபளப்பும் வந்துவிடும். அந்தக் கனத்தில் இந்த வட்டின் மேல் ஏறியிருக்கும் தங்கம் ஐந்தரை மில்லிகிராம் சொச்சம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 56 ரூபாய். அதையும் சுரண்டி எடுக்க முடியாது, எடுக்க ஆகும் செலவு அதைவிட அதிகம். அடியில் நிக்கல் பூச்சு கொடுக்காமல் நேராகச் செம்பின் மேலோ பித்தளையின் மேலோ முலாம் போட்டிருந்தால், கொஞ்ச வருஷத்தில் செம்பு அந்த மெல்லிய தங்கத்தை ஊடுருவி மேலே வந்து கறுத்துப்போகும். சான்றிதழ் மட்டும் கறுக்காது.

"தங்கத்துக்காக யார் வாங்குகிறார்கள், அழகுக்காகத்தானே?" என்பார்கள். அப்படியானால் நம் ஊர் கவரிங் கடையிடம் இவர்கள் பாடம் படிக்கலாம். கவரிங் வளையல் வாங்கும் பெண்ணுக்கு அது கவரிங் என்று தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ நிறம் நிற்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாளைக்கு விலை ஏறும் என்றோ பேரப்பிள்ளைக்குச் சொத்தாகும் என்றோ எந்தக் கவரிங் கடையும் விளம்பரம் செய்ததில்லை. வரிசை எண் போட்டுச் சான்றிதழும் கொடுத்ததில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அசல் நமக்கு எட்டாது என்பதுதானே வாதத்தின் அடித்தளம். அது உண்மையா?

அமெரிக்க அரசு வெளியிட்ட முதல் நினைவு நாணயம் எது என்று பார்த்தால், 1892, 1893 ஆண்டுகள் பொறித்த கொலம்பஸ் அரை டாலர். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு நிதி திரட்டுவதற்காக அடித்த வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கொலம்பஸ், மறுபக்கம் சான்டா மரியா கப்பல். அரை டாலர் காசைக் கண்காட்சியில் ஒரு டாலருக்கு விற்றார்கள். அன்றைக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைவில்லை. முதலில் அடித்த காசை ரெமிங்டன் தட்டச்சுப் பொறி விற்ற நிறுவனம் விளம்பரத்துக்காக 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஆனால் அடித்தது லட்சக்கணக்கில், விற்றது அந்த அளவுக்கு இல்லை. மிஞ்சியதில் ஒரு பகுதியை உருக்கினார்கள், இன்னொரு பகுதி வெறும் அரை டாலராகவே புழக்கத்துக்குப் போய் ரொட்டிக்கும் டிராம் கட்டணத்துக்கும் கைமாறித் தேய்ந்தது. அந்தத் தேய்ந்த காசு இன்றைக்கும் அதிலுள்ள வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே கிடைக்கிறது. அசல், அரசு அடித்தது, 130 வருஷத்துக்கு முந்தையது. வெல்வெட் பெட்டி நகலின் விலை பல நேரம் இதைவிட அதிகம்.

அமெரிக்காவை விடுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964இல் நேரு மறைந்த பிறகு வந்தவை, ஒரு ரூபாயும் 50 பைசாவும். இரண்டும் நிக்கல். கைமாறித் தேய்ந்த ஒரு ரூபாயைக் காசுக் கடையில் ஒரு சாப்பாட்டு விலைக்குள் வாங்கிவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து காந்தத்தை அருகில் காட்டினால் சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும், நிக்கலுக்கு அந்தக் குணம் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு நொடியில் வருகிற ஆர்வத்தை எந்த மஞ்சள் முலாமும் கொண்டுவராது. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவரைப் பொறித்து அடித்த ஐந்து ரூபாய் இருக்கிறது. 2009இல் அண்ணா நூற்றாண்டுக்காக வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. இவற்றைத் தேட ஏலக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. இதே ஆட்களின் உருவத்தைத் தங்க முலாமில் வார்த்து ஆயிரக்கணக்கில் விலை வைத்தால் மட்டும் நமக்கு வசதி வந்துவிடுகிறது. அது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். முதலாம் ராஜராஜனின் செப்புக் காசை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் கையில் பூவோடு நிற்கும் உருவம். உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக, குழந்தை வரைந்ததுபோல இருக்கும். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்தில் மூன்று வரி. பெரிய கோயிலைக் கட்டியவன் தன் பெயரைக் காசில் தமிழில் போடாமல் நாகரியில் ஏன் போட்டான் என்ற கேள்வி அந்தச் செம்பைக் கையில் வைத்திருக்கும்போது தானாக வரும். பல காசுகளில் அச்சு நடுவில் விழாமல் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும், சிலவற்றில் அரசன் தலையே விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அடித்தவன் அவசரம், அடிக்கவேண்டிய அளவு, பிறகு தலைமுறை தலைமுறையாகச் சந்தையில் உருண்டது எல்லாம் அந்தத் தேய்மானத்தில் தெரியும். இதில் தேய்ந்த ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழன் காசுக்கு அவ்வளவுதான் விலை. ஏராளமாக அடித்ததால்தான் மலிவு. அன்றைய சாதாரண மனிதன் கைக்கு அது போனதற்கும் அதுதான் காரணம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பழங்காசு வாங்கப் போனால் புதையல் திருட்டுக்கும் ஆற்றுப்படுகையைச் சல்லடை போடுவதற்கும் துணைபோவதாகாதா? ஆகலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சும்மா வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் உள்ளவரிடம் ரசீதோடு வாங்கவேண்டும். அதிலும் மனசு ஒப்பவில்லை என்றால் 1964க்குப் பிந்தைய அரசு நினைவு நாணயங்களோடு நின்றுகொள்ளலாம், அவை யார் கல்லறையிலிருந்தும் வந்தவை அல்ல. பழங்காசைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயக் கூடத்துக்குப் போகலாம். முலாம் வட்டை வாங்கித்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம் இந்த ஆட்சேபத்திலிருந்து பிறக்கவில்லை.

எல்லா அசலும் மலிவு என்று நான் சொல்லவரவில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காக அடித்த 50 டாலர் பொற்காசு நம்மில் யாருக்கும் எட்டாது. ராபர்ட் எய்ட்கன் வடித்தது. தலைக்கவசம் அணிந்த மினர்வா ஒரு பக்கம், ஆந்தை மறுபக்கம். வட்டமாக ஒன்று, எண்கோணமாக ஒன்று. எண்கோணக் காசின் எட்டு மூலைகளிலும் டால்பின்கள் நீந்தும். நகல் வியாபாரத்துக்கு என்றே செய்ததுபோன்ற வடிவம், முலாம் நகல்களும் நிறைய உண்டு. இதை வாங்குகிறவரிடம் "கொலம்பஸ் காசை வாங்கிக்கொள்" என்று சொன்னால் அவருக்கு இது கிடைத்ததாகிவிடுமா? ஆகாது. இங்கே நகல் என்ற கருத்தின் மேல் எனக்குப் பகையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ராபர்ட் ரெடி என்பவர் கிரேக்க, ரோமக் காசுகளின் அச்சை நேரடியாக எடுத்து மின்படிவு முறையில் நகல் செய்தார். விளிம்பில் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தே கொடுத்தார். அறிஞர்கள் அவற்றை வைத்துப் படித்தார்கள். சாதாரண சாந்தில் எடுத்த அச்சுகூட ஒரு காசைப் பற்றி நிறையச் சொல்லும்.

முலாம் நகலில் கெட்டுப்போவது வேறு. புரூட்டஸின் காசையே எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் மிகப் பேர்போன நினைவுக் காசு அதுதான். கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசரைக் குத்திக் கொன்றதைக் கொண்டாட, கொன்றவனே அடித்த காசு. இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை அடைந்த அடிமை அணியும் குல்லாய், கீழே அந்த நாளின் பெயர். அதில் தங்கத்தில் அடித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, மற்றவை வெள்ளி தெனாரியஸ். வெள்ளி ஏன்? போருக்குப் புறப்பட்ட படைக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், படைவீரன் சம்பளம் தெனாரியஸில். கொலையை நியாயப்படுத்தும் பிரசாரம், சாகப்போகிற சிப்பாயின் மடியில் கூலியாகப் போய் விழுந்தது என்பதைச் சொல்வது அந்த வெள்ளிதான். அந்தக் காசின் நகலைத் தங்க முலாமில் செய்தவுடன் புரூட்டஸ் ஏதோ ஆடம்பரப் பதக்கம் விநியோகித்தவன்போல ஆகிவிடுகிறான். உலோகம்தான் காசின் முதல் சாட்சி. எவ்வளவு அடித்தார்கள், யார் கைக்குப் போயிற்று, அடித்தவனிடம் பணம் இருந்ததா, இல்லாமல் கலப்படம் செய்தானா என்று எல்லாவற்றுக்கும் அதுதான் பதில் வைத்திருக்கிறது. முலாம்காரன் அந்தச் சாட்சியின் வாயை மூடிவிட்டு உருவத்தை மட்டும் விட்டுவைக்கிறான். ராஜராஜனின் செம்பு, புரூட்டஸின் வெள்ளி, நேருவின் நிக்கல் எல்லாம் ஒரே மஞ்சளில் வரிசையாக நிற்கின்றன. காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் வந்த காசையும் தங்கத்தில் முக்கி எடுக்கிறார்கள், அதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது.

அசலே தங்கமாக இருந்தால்? எய்ட்கனின் காசுக்கு நிறம் பொருந்துகிறதே? நிறம் பொருந்தும், கை பொருந்தாது. அசலின் எடை 83 கிராமுக்கு மேல். அதே அளவில் பித்தளையில் செய்தால் பாதி எடைகூட வராது. தங்கத்தைத் தங்கம் என்று மனிதன் அறிந்தது கண்ணால் மட்டுமில்லை, உள்ளங்கை பாரத்தாலும்தான்.

அடுத்து 'குறைந்த எண்ணிக்கை' என்ற மந்திரம். 1915இல் அந்தக் காசுகளை ஒவ்வொரு வடிவத்திலும் 1,500 அடிக்க அனுமதி இருந்தது. விலை 100 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. விற்காததை அரசே திரும்ப உருக்கியது. எஞ்சியவை எண்கோணம் 645, வட்டம் 483. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு சட்டம், ஓர் அக்கசாலை, ஒரு கணக்குப் பேரேடு, ஓர் உலை இருக்கின்றன. முலாம் நகலின் சான்றிதழில் '9,999இல் இது 412ஆவது' என்று இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது ஓர் அச்சு இயந்திரம். பத்தாயிரம் தீர்ந்தால் பெட்டியின் நிறத்தை மாற்றி 'இரண்டாம் பதிப்பு' போடுவதைத் தடுக்க யாருமில்லை. மேலும், அரிது என்பதால் மட்டும் எதற்கும் விலை வந்துவிடாது. இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கவேண்டும். முலாம் நகலைத் திருப்பி விற்க எடுத்துப்போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நகைக்கடையில் உரைகல்லை எடுக்காமலே திருப்பித் தருவார்கள், காசு வியாபாரி தொட்டும் பார்க்கமாட்டார்.

'யாருக்கும் நஷ்டமில்லை' என்பதைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன், அதுதான் இந்த வாதத்திலேயே பெரிய பொய். 1883இல் அமெரிக்க அரசு ஐந்து சென்ட் நிக்கல் காசைப் புதிய வடிவில் வெளியிட்டது. பின்பக்கம் ஐந்தைக் குறிக்க ரோம எண் மட்டும் போட்டார்கள், 'சென்ட்' என்ற சொல்லைப் போடவில்லை. அளவிலும் அது ஐந்து டாலர் பொற்காசுக்குக் கிட்டத்தட்ட சமம். எத்தர்களுக்கு வேறென்ன வேண்டும்? தங்க முலாம் பூசி ஐந்து டாலராகக் கடையில் மாற்றினார்கள். அந்த வருஷத்துக்குள்ளேயே அக்கசாலை அச்சைத் திருத்திச் 'சென்ட்' என்று சேர்க்கவேண்டி வந்தது. தங்க முலாமும் காசும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடங்களும் உண்டு. அதனால்தான் 1973இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்து, காசின் நகல் செய்கிறவர்கள் 'நகல்' என்று அதன் மேலேயே பொறிக்கவேண்டும் என்றது. நம் கடைத்தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைப்பதில் அப்படி ஒரு எழுத்தை லென்ஸ் வைத்துத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது.

அந்த எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெளிநாடு போகவேண்டாம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா' என்று மறுபக்கம் பொறித்த காசுகள் நாடெங்கும் உலவுகின்றன. 1818 என்று சிலவற்றில் இருக்கும், 1616 என்றுகூடச் சிலவற்றில் இருக்கும். 1616இல் கம்பெனியின் நிலைமை என்ன? இங்கிலாந்து மன்னரின் தூதர் தாமஸ் ரோ வியாபாரச் சலுகை கேட்டு ஜஹாங்கீர் தர்பாரில் காத்துக்கிடந்தார். அந்த வருஷம் கம்பெனி அணாக் காசு அடித்தது என்பது சிரிப்புக்குரிய கதை. ஆனாலும் லட்சம் தருகிறேன், கோடி தருகிறேன் என்று தரகர்கள் வருகிறார்கள், அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்கிறார்கள், முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அந்த வட்டுகளை யாரோ ஒருவர் சும்மா பூஜைக்கோ அலங்காரத்துக்கோ வாங்கித்தான் வீட்டில் வைத்திருப்பார். அடுத்த தலைமுறை பீரோவைத் திறந்தபோது வாங்கின விவரம் சொல்ல ஆள் இல்லை.

இதைவிட மோசம், அசல் காசுக்கே முலாம் போடுவது. புழக்கத்திலுள்ள உண்மையான நினைவு நாணயங்களை வாங்கித் தங்கத்தில் முக்கிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலங்களின் பெயரில் வந்த கால் டாலர்களுக்கு இந்தக் கதி வந்தது, நம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கும் வருகிறது. சேகரிப்பாளர் கணக்கில் அது கெடுக்கப்பட்ட காசு, முக மதிப்புக்கு மேல் ஒரு பைசா பெறாது. அசலாக இருந்ததை அசல் இல்லாமல் ஆக்க நாம் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம்.

நினைவுப் பரிசாக வந்ததையும் ஏற்கனவே வாங்கி அடுக்கியதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஆனால் ரசீதைச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள், 'நகல், உள்ளே பித்தளை, வாங்கிய விலை இவ்வளவு' என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். முடிந்தால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து விளிம்பில் 'நகல்' என்று ஒரு சொல்லை வெட்டிவிடுங்கள். பெட்டியின் மேல் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். முதலில் தொலைவது பெட்டிதான்.